தினமும் இருபது அப்ளிகேஷன், உருப்படியாக ஒரு ஃபோன்கூட இல்லை

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு நான்கு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். கோவையிலோ சென்னையிலோ பெரிய கம்பெனிக்குப் போக ஆசை. ஆறு மாதமாக நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் தினமும் இருபது வேலைக்காவது அப்ளை செய்கிறேன். வந்தது ஒரே ஒரு அழைப்பு. அவர்களும் 3,000 ரூபாய் கட்டினால் ஆஃபர் லெட்டர் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. அதுதான் காரணமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இங்கிலீஷ் காரணமாக இருக்க முடியாது. நீங்கள் பேசி இன்னும் யாருமே கேட்கவில்லையே! தேடுகிறவர் கண்ணில் நீங்கள் படவில்லை, அவ்வளவுதான்.

ஆள் எடுக்கிறவர் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அக்கவுண்ட்ஸ் வேலைக்கு விளம்பரம் போட்டதும் ரெஸ்யூம் வந்து குவியும். எல்லாவற்றையும் திறந்து படிக்க அவருக்கு நேரமில்லை. பல சமயம் வந்ததை ஓரமாக வைத்துவிட்டு, நௌக்ரியில் பதிவு செய்திருப்பவர்களுக்குள் அவரே தேட ஆரம்பித்துவிடுவார். ‘அக்கவுண்ட்ஸ் பேயபிள், ஜிஎஸ்டி, 3 முதல் 5 வருடம், கோவை, நோட்டீஸ் ஒரு மாதம், சமீபத்தில் லாகின் செய்தவர்கள்’ என்று சலித்து எடுப்பார். சல்லடையில் தங்குகிறவர்களுக்குத்தான் ஃபோன் போகும். எனவே அப்ளை செய்யும் எண்ணிக்கையைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டு, அந்த நேரத்தில் உங்கள் ப்ரொஃபைலைச் சரிசெய்யுங்கள்.

முதலில் சம்பளக் கட்டம். அது வருடக் கணக்கில் கேட்கிறது. மாதச் சம்பளத்தை அதில் போட்டுவிடுகிற ஆட்கள் நிறைய. உங்களுக்கு 2.64 லட்சம் என்று இருக்க வேண்டும். நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்று கிடக்கிறதா? அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் 30 நாள் என்றால் அதையே போடுங்கள். விருப்பமான ஊர் என்ற இடத்தில் கோவை, சென்னை இரண்டும் இருக்கட்டும். இந்த மூன்றில் ஒன்று தப்பாக இருந்தாலும், எவ்வளவு நல்ல ரெஸ்யூமாக இருந்தாலும் தேடலில் வராது.

அடுத்தது, நீங்கள் பார்க்கும் வேலையை எந்தப் பெயரில் எழுதியிருக்கிறீர்கள் என்பது. ‘சவாலான பணியை நாடும் பி.காம். பட்டதாரி’ என்ற மாதிரித் தலைப்பை யாரும் தேடுவதில்லை. டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் பில்களைச் சரிபார்த்து பேமென்ட் போடுவீர்கள் அல்லவா? பெரிய கம்பெனியில் அதற்கு அக்கவுண்ட்ஸ் பேயபிள் என்று பெயர். வெளிநாட்டு பையரிடமிருந்து பணம் வந்ததா என்று பார்த்துக் கணக்கில் ஏற்றுவது அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள். பாஸ்புக்கையும் டேலியையும் ஒத்துப் பார்ப்பது பேங்க் ரீகன்சிலியேஷன். செய்வது அதே வேலைதான், அவர்கள் வைத்திருக்கும் பெயரில் எழுதுங்கள். செய்யாததை எழுதிவிடாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

உங்களிடம் ஒரு தனிச் சரக்கும் இருக்கலாம். எல்யுடி என்ற உறுதிக் கடிதம் கொடுத்து ஐஜிஎஸ்டி வரி கட்டாமல் ஏற்றுமதி செய்து, வாங்கிய சரக்குக்குக் கட்டித் தேங்கிய இன்புட் வரியை ஆர்எஃப்டி-01 படிவம் போட்டுத் திரும்ப வாங்கும் வேலையில் உங்கள் கை பட்டிருக்கிறதா? ஏற்றுமதியாளருக்கு அரசு வரியைத் திருப்பித் தரும் டிராபேக், ஆர்ஓஎஸ்சிடிஎல் திட்டங்களின் கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளூர் வியாபாரம் மட்டும் செய்யும் இடத்தில் கணக்கு எழுதியவருக்கு இவை தெரியாது. ஏற்றுமதி செய்யும் கம்பெனி இவை தெரிந்த ஆளைத்தான் கேட்கும். தலைப்பிலேயே வரட்டும்: ‘ஏற்றுமதி அக்கவுண்ட்ஸ், 4 வருடம், டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஜிஎஸ்டி ரீஃபண்ட், டிடிஎஸ்’. இதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரெஸ்யூமில் அப்பா பெயர், மதம், ‘மேற்கண்டவை உண்மை’ என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம். இரண்டு பத்தியாகப் பிரித்து, கட்டம் போட்டு, கலர் அடித்த டிசைன்களும் வேண்டாம். அவற்றைச் சில கம்பெனி சாஃப்ட்வேர்கள் தாறுமாறாகப் படித்துவிடும்.

லிங்க்ட்இனில் வேலை தேடுவதாகக் காட்டும் பச்சை வளையத்தை ஃபோட்டோவில் போடாதீர்கள், உங்கள் முதலாளியும் பார்ப்பார். ‘ரிக்ரூட்டர்களுக்கு மட்டும்’ என்ற வசதி உண்டு. அதுவும் முழுப் பாதுகாப்பு என்று லிங்க்ட்இன் உத்தரவாதம் தருவதில்லை. ஆனாலும் பரவாயில்லை ரகம்.

இத்தனைக்கும் மேலே ஒன்று சொல்வேன். அக்கவுண்ட்ஸ் வேலைகளில் பாதி விளம்பரத்துக்கே வருவதில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட் விலகினால், முதலாளி முதலில் கேட்பது ஆடிட்டரிடம்தான்: “நம்பிக்கையான ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க சார்.” அதற்காக உங்கள் கம்பெனி ஆடிட்டரிடமே போய் நிற்காதீர்கள், சாயங்காலத்துக்குள் விஷயம் முதலாளி காதுக்குப் போய்விடும். ஆடிட்டுக்காக வந்துபோன, சி.ஏ. படிப்புக்காக ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் இருந்த பையன்கள், பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். சிலர் பெரிய கம்பெனிகளில் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் கம்பெனியிலிருந்து விலகிப் போனவர்களையும் பிடியுங்கள். “ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்று கேட்டால் “சரி, சொல்றேன்” என்பதோடு முடிந்துவிடும். அவர்கள் கம்பெனி வெப்சைட்டில் காலியிடம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த வேலையின் எண்ணோடு, “அண்ணா, இந்த வேலைக்கு என்னை ரெஃபர் பண்ண முடியுமா? ரெஸ்யூம் அனுப்பியிருக்கிறேன்” என்று கேளுங்கள். ரெஃபர் செய்யப்பட்டவர் வேலையில் சேர்ந்தால், ரெஃபர் செய்த ஊழியருக்கு போனஸ் தரும் கம்பெனிகள் பல. எனவே தயக்கமே வேண்டாம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலக முகாம்களுக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் உங்கள் அனுபவத்துக்கு அங்கே கிடைப்பது குறைவாகத்தான் இருக்கும்.

3,000 ரூபாய் கேட்டவர்கள் மோசடிக்காரர்கள். டெபாசிட், ட்ரெய்னிங் ஃபீஸ், லேப்டாப் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே ஃபோன் செய்து புகார் சொல்லுங்கள்.

இன்டர்வியூ வந்தால், மாதக் கடைசியில் கணக்கை எப்படி முடிக்கிறீர்கள் என்பதை ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் சொல்லிப் பழகுங்கள். உங்களிடம் கேட்கப்போவது பெரும்பாலும் அதுதான். அப்புறம், தேடுவதற்காக இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். ஆஃபர் லெட்டர் கம்பெனியின் சொந்த மெயில் முகவரியிலிருந்து கைக்கு வந்த பிறகு ராஜினாமா கொடுத்தால் போதும். ரிலீவிங் லெட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், ஐந்து வருடம் ஆவதற்குள் எடுத்தால் வரி உண்டு.