தோட்டத்துப் பழத்தில் கேக்: அடிப்பகுதி ஈரமாகாமல் இருக்க என்ன வழி?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோடையில் எங்கள் வீட்டு மாமரமும் அத்திமரமும் ஒரே சமயத்தில் காய்த்துத் தள்ளுகின்றன. விடுமுறை நாள்களில் அந்தப் பழங்களைப் போட்டுக் கேக் செய்தால், துண்டுகள் எல்லாம் அடியில் போய்த் தங்கிவிடுகின்றன. நடுப்பகுதி வேகாமல் பிசுபிசுவென்று இருக்கிறது. கடைப் பழத்தில் செய்தபோது இந்தத் தொல்லை இல்லை. நாள் முழுவதும் அடுப்படியில் நிற்காமல் இதைச் சரியாகச் செய்ய வழி உண்டா?"

உண்டு. கடைப் பழத்தில் வராத தொல்லை வீட்டுப் பழத்தில் வருகிறது என்று நீங்கள் கவனித்திருப்பதிலேயே காரணமும் அடங்கியிருக்கிறது. விற்பனைக்குப் போகும் பழங்களைப் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவை பயணத்தையும் அடுக்கி வைப்பதையும் தாங்க வேண்டும். உங்கள் மரத்துப் பழமோ கிளையிலேயே முழுமையாகப் பழுக்கிறது. பழுக்கும்போது, செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளைப் பழத்திலுள்ள நொதிகள் சிதைத்துவிடுவதால், சதை குழைந்து, சூடு பட்டவுடன் சாற்றை வெளியே விட்டுவிடுகிறது. மாம்பழத்தின் எடையில் ஏறத்தாழ 83 விழுக்காடு நீர்தான். பீச், ஸ்ட்ராபெர்ரி போன்றவற்றில் 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். கெட்டியான பழத்தை மனத்தில் வைத்து எழுதிய செய்முறையில் இவ்வளவு சாறும் இறங்கினால், அந்த மாவு அதைத் தாங்காது.

ஆகவே, மாவைத் தொடுவதற்கு முன்பாகப் பழத்தின் நீரைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த முறை சர்க்கரையில் ஊறவைப்பது. 500 கிராம் பழத்துண்டுகளுக்குச் சுமார் 50 கிராம் சர்க்கரையும் அரை எலுமிச்சையின் சாறும் சேர்த்து, ஒரு வடிகட்டியில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். சர்க்கரை சவ்வூடுபரவல் மூலம் செல்களிலிருந்து நீரை இழுத்துவிடும். கிண்ணத்தில் சேரும் சாற்றைக் கீழே கொட்டிவிடாதீர்கள், பழத்தின் வாசனையில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. சிறு பாத்திரத்தில் ஊற்றி, மூன்றில் ஒரு பங்காகும்வரை காய்ச்சினால், கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பாகு கெட்டியாகும். வெந்த கேக்கின் மேல் அதைத் தூரிகையால் தடவினால், நீக்கிய சுவை முழுவதும் திரும்பி வந்துவிடும். பழத்தில் சேர்த்த சர்க்கரையின் அளவைச் செய்முறையின் சர்க்கரையில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அத்திப்பழத்துக்கும் பிளம்ஸுக்கும் சுடுவது இன்னும் பொருந்தும். பழங்களைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்குமாறு தட்டில் அடுக்கி, 190 டிகிரி செல்சியஸில் 20 முதல் 30 நிமிடம் வைத்தால் நீர் ஆவியாகி, ஓரங்கள் லேசாகச் சுருங்கி, சுவை செறிவாகும். மாம்பழக் கூழாகச் சேர்ப்பதென்றால், அகன்ற வாணலியில் மிதமான தீயில் கிளறி, கரண்டியால் இழுத்தால் அடி ஒரு நொடி தெரியும் பதத்துக்கு வற்ற வைத்து, நன்றாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். வற்ற வைக்க நேரமில்லையென்றால், செய்முறையிலுள்ள பாலின் அளவைக் குறைத்து அதற்கு ஈடாகக் கூழை ஊற்றலாம்.

துண்டுகள் மூழ்குவதற்கு வருவோம். மாவுக்கலவை ஓவனில் சூடேறும்போது, வெண்ணெய் உருகுவதால், இறுகுவதற்கு முன் சிறிது நேரம் தளர்ந்துவிடுகிறது. கனமான துண்டுகள் அந்த இடைவெளியில் கீழே இறங்கிவிடுகின்றன. துண்டுகளை மைதாவில் புரட்டிப் போடச் சொல்லும் அறிவுரையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அது மேற்பரப்பின் ஈரத்தை ஓரளவு உறிஞ்சும், ஆனால் தளர்வான மாவில் பெரிய துண்டைத் தாங்கிப் பிடிக்காது. கலவை கரண்டியிலிருந்து வழியாமல் தயங்கி விழும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். துண்டுகள் 1 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பழத்தின் எடை மைதாவின் எடையை மிஞ்சக் கூடாது. இவற்றோடு, பழத்தை மாவுக்குள் கலக்காமல், டின்னில் ஊற்றிய மாவின் மேல் பரப்பிவிடுவதே நான் உறுதியாகப் பரிந்துரைக்கும் வழி. மாவு உப்பும்போது பழத்தைச் சுற்றி எழுந்து அதைத் தானே அணைத்துக்கொள்ளும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, பழக் கேக்கை 170 டிகிரியில் சற்று நீண்ட நேரம் வேகவிடுவது நல்லது. அதிக வெப்பத்தில் மேற்புறம் சிவந்து நடுப்பகுதி பச்சையாக நின்றுவிடும். குச்சியால் குத்திப் பார்ப்பது இங்கே ஏமாற்றக்கூடும், ஏனெனில் அது பழத்தின் மேல் பட்டால் ஈரமாகத்தான் வரும். இரண்டு மூன்று இடங்களில் குத்துங்கள், அல்லது சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 96 முதல் 98 டிகிரியை எட்டிவிட்டதா என்று பாருங்கள். வெளியே எடுத்த பிறகு டின்னில் 10 நிமிடம் வைத்துவிட்டுக் கம்பி வலைத்தட்டுக்கு மாற்ற வேண்டும். டின்னிலேயே விட்டால் நீராவி அடியில் நீராகப் படிந்து, நீங்கள் இவ்வளவு பாடுபட்டு விலக்கிய ஈரத்தைத் திரும்பக் கொண்டுவரும். சூடாக இருக்கும்போது வெட்டினாலும் பிசுபிசுப்பாகத் தோன்றும், முழுவதும் ஆறவிடுங்கள்.

அடுப்படியில் நிற்காமல் என்று கேட்டிருந்தீர்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி காத்திருப்புதான், உழைப்பு குறைவு. முந்தைய இரவே பழத்தைச் சர்க்கரையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், வெயில் ஏறுமுன் ஓவனை மூட்டி, பகல் முழுவதும் ஓய்வாக இருக்கலாம். அதற்கும் மனமில்லாத நாளில் கிரம்பிள், அதாவது பழத்தின் மேல் உதிரி மாவைத் தூவிச் சுடும் பலகாரம், செய்யுங்கள். மிகவும் குழைந்த பழத்துக்கு அதைவிட ஏற்ற பலகாரம் கிடையாது. 800 கிராம் பழத்தில் ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரும் ருசிக்கேற்பச் சர்க்கரையும் கலந்து தட்டில் பரப்புங்கள். 120 கிராம் மைதா, 80 கிராம் சர்க்கரை, 80 கிராம் குளிர்ந்த வெண்ணெய் ஆகியவற்றை விரல் நுனிகளால் உதிர் உதிராகப் பிசைந்து மேலே தூவி, 180 டிகிரியில் 40 நிமிடம் போல வைத்தால் போதும். சாறு ஓரத்தில் மட்டுமின்றி நடுவிலும் கொதித்துக் குமிழி விடும்வரை பொறுக்க வேண்டும், ஏனெனில் அந்தச் சூட்டில்தான் கார்ன்ஃப்ளார் முழுமையாக இறுகும். உதிரி மாவை நிறையச் செய்து ஃபிரீசரில் வைத்திருந்தால், அடுத்த முறை பழத்தை வெட்டுவது மட்டுமே வேலை.

மிஞ்சும் பழங்களைத் துண்டுகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு காற்றுப் புகாத பையில் போட்டு வைக்கலாம். ஆனால் உறையும்போது பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுவதால், உருகியபின் சாறு இன்னும் அதிகமாக வடியும். அவற்றைக் கேக்குக்கு எடுக்காமல், கிரம்பிளுக்கும் வற்ற வைக்கும் கூழுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.