சப்வூஃபர் இருக்கறதே தெரியக்கூடாதுங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்க ஹால் 12க்கு 15 அடி. டெனான் ரிசீவர், அஞ்சு சின்ன ஸ்பீக்கர் இருக்குது. போன மாசம் 10 இன்ச்ல ஒரு பட்ஜெட் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்குன்னே இருக்கற ஸ்பீக்கர் பொட்டி) வாங்கினேன், ஆம்ப் உள்ளயே இருக்கற மாடல். டிவி பக்கத்து முக்குல வெச்சிருக்கறேன். ஹால் நடுவால சோபா, அதுல உக்காந்தா பேஸே வர்றதில்ல. ஆனா சமையக்கட்டுல அம்மா "பாத்தரம் பூரா ஆடுது, நிறுத்தித் தொலைடா"ங்கறாங்க. சப் டம்மியா? மாத்திக் குடுக்கச் சொல்லட்டா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிராதீங்க தம்பி. சப் நல்லாத்தான் இருக்குது, இல்லீன்னா சமையக்கட்டு வரைக்கும் எப்படிப் போகும்? ஓரியாட்டம் பண்றது உங்க ஹாலு.

40 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு ஒரு அலையோட நீளமே கிட்டத்தட்ட 28 அடி வரும், உங்க ஹாலே 15 அடிதான், அந்த அலை செவுத்துல மோதித் திரும்பி வர்றப்ப சில எடத்துல ஒண்ணோட ஒண்ணு சேந்து எக்கும், சில எடத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக் காலி பண்ணிரும். 15 அடி நீளத்துக்கு இது 37, 38 ஹெர்ட்ஸ் பக்கம் நடக்கும். காலியாகற எடம் கரெக்டா ஹால் நடு, அங்கதான் நீங்க சோபா போட்டிருக்கறீங்க. எக்கற எடம் செவுத்தோரமும் முக்கும். பத்தாததுக்கு சப்பையும் முக்குல வெச்சாச்சு, அங்க வெச்சா சத்தம் என்னமோ ஜாஸ்தியாத்தான் வரும், ஆனா எல்லாமே "டொம் டொம்"னு ஒரே மாதிரி கேக்கும்.

மொதல்ல சோபாவை ரெண்டு அடி பின்னால தள்ளிப் பாருங்க, பின் செவுத்தோட ஒட்டிப் போட்டுராதீங்க. அதுலயே பாதி சரியாயிரும்.

மீதிக்கு ஒரு வேலை பண்ணோணும். சப்பைத் தூக்கி சோபாவுல நீங்க உக்கார்ற எடத்துலயே வையுங்க. பேஸ் கிட்டார் நல்லா ஏறி எறங்குற பழைய பாட்டா ஒண்ணைத் திரும்பத் திரும்ப ஓட உட்டுப்போட்டு, நீங்க தரையில மண்டி போட்டு, காதை சப் ஒசரத்துக்குக் கீழ வெச்சுக்கிட்டு, சப் வெக்கத் தோதான எடத்துல எல்லாம் செவுத்தோரமாத் தவந்து போங்க. ஒரு எடத்துல ஒரே ஒரு நோட்டு மட்டும் எக்கிக் கேக்கும், இன்னொரு எடத்துல ஒண்ணுமே இருக்காது, எங்க எல்லா நோட்டும் ஒரே அளவாத் தெளிவாக் கேக்குதோ அங்க சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. அதுதான் சப்போட எடம். சப்பையும் காதையும் எடம் மாத்திப் போட்டாலும் அறை பண்ற வேலை அதேதான், அதனால இது பலிக்குது. ஒறம்பரை யாரும் வீட்டுல இல்லாத நேரமாப் பாத்துப் பண்ணுங்க, நடுவால வந்தாங்கன்னா வெளக்கம் சொல்லி முடியாது. சப் கேபிளையும் எடம் முடிவானப்பறம் அளந்து வாங்குங்க, டிவி ஸ்டாண்டு பக்கம் வெச்சே ஆகோணும்னு பலபேரு அடம் புடிக்கறதுக்குக் காரணமே கூட வந்த குட்டைக் கேபிள்தான்.

இனி செட்டிங். ரிசீவர்ல அஞ்சு ஸ்பீக்கரையும் 'ஸ்மால்'னு போட்டு கிராஸ்ஓவர், அதாவது எதுக்குக் கீழ இருக்கற சத்தம் சப்புக்குப் போகோணுங்கற அளவு, 80 ஹெர்ட்ஸ் வையுங்க. ஸ்பீக்கர் ரொம்பக் குட்டின்னா 100, 120 கூட வெக்கலாம். ரிசீவர்லயே இருக்கற, மைக் வெச்சு அளக்குற ஆடிஸி செட்டிங்கை ஓட்டறப்ப அது சில சமயம் முன்னாடி ஸ்பீக்கரை 'லார்ஜ்'னு போட்டுரும், பெருமைப்பட்டுக்கிட்டு அப்படியே உட்டுராதீங்க, ஸ்மாலுக்கு மாத்துங்க. சப்வூஃபர் மோடு வெறும் 'எல்எஃப்இ' போதும், 'எல்எஃப்இ பிளஸ் மெயின்' வேண்டாம். சப் பின்னால இருக்கற கிராஸ்ஓவர் குமிழை ஃபுல்லாத் திருப்பி வெச்சிருங்க. ரிசீவரும் வடிகட்டி, சப்பும் ஒருக்கா வடிகட்டுச்சுன்னா நடுவுல ஒரு ஓட்டை உழுந்துரும், ஆம்பளைக் குரல் எல்லாம் சப்புன்னு போயிரும்.

சப்போட வால்யூம் குமிழைப் பாதியில வெச்சு ஆடிஸி ஓட்டுங்க. முடிஞ்சப்பறம் ரிசீவர்ல சப் லெவல் மைனஸ் 12ன்னு காட்டுச்சுன்னா அதுக்குக் கீழ எறக்க அதால முடியலைன்னு அர்த்தம், குமிழைக் கொறைச்சு மறுக்கா ஓட்டோணும். சப் 8 அடியில இருக்கறப்ப 13 அடின்னு காட்டுனா மெரண்டுராதீங்க, சப்புக்குள்ள இருக்கற சர்க்கியூட்ல ஆகற தாமதத்தையும் சேத்து அப்படிச் சொல்லுது, கை வெக்காதீங்க. கடைசியா சப் பின்னால இருக்கற ஃபேஸ் சுவிட்ச். நீங்க சோபாவுல உக்காந்துக்கிட்டு, வேற ஒருத்தரை 0க்கும் 180க்கும் மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்க. எதுல பேஸ் ஜாஸ்தியாக் கேக்குதோ அது சரி.

இத்தனையும் பண்ணுனப்பறம் சப் எங்க இருக்குதுன்னே தெரியக்கூடாது, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ காதுக்குத் திசை சரியாப் புடிபடாது. ஆஃப் பண்ணுனா மட்டும் "ஐயோ என்னமோ போச்சே"ங்கோணும். அதுதான் டெஸ்ட்.

அம்மா பாத்தரத்துக்கு ஒரு வழி: போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் ஒண்ணு போட்டு ரிசீவர்ல கனெக்ட் பண்ணி, சத்தத்தைக் கம்மியா வெச்சுக்கிட்டு 25ல இருந்து 100 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏத்துங்க. ஒவ்வொரு நம்பர்லயும் ஒவ்வொண்ணு பேசும், ஒண்ணுல ஷோகேஸ் கண்ணாடி, ஒண்ணுல பீரோ கதவு, ஒண்ணுல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன எவர்சில்வர் டம்ளர். கண்ணாடிக்கு ரப்பர் துண்டு, டம்ளரு நடுவால துணி, வேலை முடிஞ்சுது.

கேள்வி: வீட்டுல பழைய 5.1 ஹோம் தியேட்டர் பெட்டி ஒண்ணு ரிப்பேராக் கெடக்குது. அதோட சப்வூஃபரைப் புது ரிசீவர்ல சேத்திக்க முடியுங்களா? (வாசகர், சோமனூர்)

பதில்: சப் பின்னால பாருங்க. கரண்ட் ஒயர் இல்லாம வெறும் செவப்பு, கருப்பு ஒயர் மட்டும் வருதுன்னா அதுக்குள்ள ஆம்ப் கெடையாதுங்க. ரிசீவர்ல 'சப் அவுட்'ல வர்றது வெறும் சிக்னல், அது கோனை அசைக்காது. நடுவால தனி ஆம்ப் வாங்கிப் போடலாம், ஆனா அந்தப் பொட்டிக்கு அத்தனை செலவு பண்றதுக்கு, அதையே முன்பணமா நெனச்சுக்கிட்டு ஆம்போட வர்ற சப் ஒண்ணு வாங்கிருங்க. வாங்கறப்ப ஆர்எம்எஸ் வாட்ஸ் (விடாம ஓட்டுனாலும் குடுக்குற பவர்) எத்தனைன்னு கேளுங்க. பிஎம்பிஓன்னு ஆயிரக்கணக்குல எழுதியிருக்கறது வெறும் விளம்பர நம்பர், அதைப் படிக்கவே வேண்டாம்.

கேள்வி: புது சப்ல படம் ஓடாத நேரத்துலயும் "ம்ம்ம்"னு ஒரு ரீங்காரம். மெக்கானிக் ஒருத்தர் பிளக்ல பெரிய பின்னை வெட்டி உட்டா நின்னுரும்னாரு. செய்யலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: வேண்டவே வேண்டாங்க அம்மிணி. அந்தப் பெரிய பின் எர்த்து, உசுருக்குக் காவலே அதுதான். ரீங்காரம் நின்னாலும், நாளைக்கு உள்ள எங்காவது லீக் ஆச்சுன்னா தொடறவங்களுக்கு ஷாக்.

சப் கேபிளைச் சப் பக்கம் உருவிப் பாருங்க. அப்பவும் ரீங்காரம் இருந்தா சப்போட கோளாறு, வாரண்டியில குடுத்துருங்க. நின்னுபோச்சுன்னா கேபிளை மறுக்கா மாட்டிப்போட்டு, செட்டாப் பாக்ஸுக்கு வெளிய இருந்து வர்ற டிஷ் ஒயரையோ கேபிள் டிவி ஒயரையோ கழட்டுங்க. பாதிக் கேஸ்ல அதோட அடங்கிரும், எர்த்து ரெண்டு வழியில சுத்தி வர்றதால வர்ற வெனை அது. அந்த ஒயருக்கு ஒரு ஐசோலேட்டர் (அந்த எர்த்துச் சுத்தை அறுக்குற சின்ன டப்பா) போடச் சொல்லுங்க, சப்பு, ரிசீவர், டிவி மூணையும் நல்ல எர்த்து இருக்கற ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுங்க.

கேள்வி: அப்பார்ட்மென்ட்ல மூணாவது மாடி. ராத்திரி படம் போட்டா கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டறாரு. செவுத்துல முட்டைத் தட்டு மாதிரி ஃபோம் ஒட்டுனா நிக்குங்களா? (வாசகர், கோயமுத்தூர் காளப்பட்டி)

பதில்: நிக்காதுங்க. ரெண்டு இன்ச் ஃபோம் குரல், விசில் சத்தத்தோட எதிரொலியைக் கொறைக்கும், பேஸ் அதைச் சட்டை பண்ணாது. சப்புக்கு அடியில கனமான ரப்பர் மேட் போட்டா தரை வழியா எறங்குற அதிர்வு கொஞ்சம் மட்டுப்படும், காத்து வழியாப் போறது போயிக்கிட்டேதான் இருக்கும். ராத்திரியில ரிசீவர்ல சத்தத்தோட ஏத்த எறக்கத்தைக் கொறைக்கற 'டைனமிக் வால்யூம்' மாதிரி இருக்கறதை ஆன் பண்ணி சப் லெவலை நாலஞ்சு டெசிபல் எறக்குங்க. அதிர்வு இல்லாமப் பாக்க முடியாதுன்னா பேஸ் ஷேக்கர்னு ஒண்ணு கெடைக்குது, சின்ன ஆம்ப் ஒண்ணு வெச்சு சோபா சட்டத்துல திருகிட்டா உங்களை மட்டும் ஆட்டும். சோபாக் காலுக்கும் ரப்பர் வெச்சிருங்க, இல்லீன்னா அதுவும் தரை வழியா எறங்கி அவரு மறுக்கா மேல வருவாரு.