டிரைவ் கேள்வி பதில்: ஆலையும் கப்பலும்

கேள்வி: டிரைவிலிருந்து (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) 120 மீட்டர் தள்ளி 55 கிலோவாட் மோட்டார். இரண்டு முறை வைண்டிங் எரிந்துவிட்டது. ரீவைண்டிங் கடையில் ஓவர் வோல்டேஜ் என்கிறார்கள், என் மீட்டரோ 415தான் காட்டுகிறது.

கடைக்காரர் சொல்வது சரி. 415 வோல்ட் ஏ.சி. டிரைவுக்குள் சுமார் 585 வோல்ட் டி.சி. ஆகிறது. டிரைவின் மின்னணு ஸ்விட்ச்சான ஐ.ஜி.பி.டி. அதை மைக்ரோசெகண்டுக்கும் குறைந்த நேரத்தில் போட்டுப் போட்டு அணைக்கிறது. நீளமான கேபிளில் அந்தப் பல்ஸ் மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது உச்சம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதாவது 1,100 வோல்ட்டுக்கு மேல். சாதாரண மீட்டருக்கு இது தெரியாது. அடி முழுக்க காயிலின் முதல் சில சுற்றுகளுக்குத்தான். டிரைவ் அவுட்புட்டில் டிவி/டிடி ஃபில்டர் (வோல்டேஜ் ஏறும் வேகத்தைக் குறைப்பது) போடுங்கள். மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைக்கும் முன் டிரைவ் பக்கக் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பேரிங் ரேஸில் (குண்டுகள் உருளும் வளையம்) வாஷ்போர்டு மாதிரி வரிவரியாகக் கோடு.

ஷாஃப்ட் வழியாகக் கரண்ட் பாய்கிறது. கிரீஸை மாற்றிப் பயனில்லை. பின்பக்கம் இன்சுலேட்டட் பேரிங், முன்பக்கம் எர்திங் பிரஷ், ஷீல்டு கேபிள். மூன்றும் வேண்டும்.

கேள்வி: டிரைவோடு சேர்த்தே மெக்கர் வைக்கலாமா?

கூடாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கப்பலில் இ.டி.ஓ.வாக (மின் தொழில்நுட்ப அதிகாரி) இருக்கிறேன். ஹார்மோனிக் ஃபில்டரின் (சப்ளை அதிர்வெண்ணின் மடங்குகளில் டிரைவ்கள் கிளப்பும் ஹார்மோனிக் கரண்ட்டை வடிகட்டுவது) இம்பேலன்ஸ் அலாரம் வேலை செய்யவில்லை. கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்க்கும் அடுத்த டிரை டாக் வரை தள்ளலாமா?

தள்ளாதீர்கள். 2010 செப்டம்பர் 23 விடியற்காலை, பார்சிலோனாவை நெருங்கிக்கொண்டிருந்த குயின் மேரி 2 கப்பலில் 11 கிலோவோல்ட் ஹார்மோனிக் ஃபில்டரின் கெப்பாசிட்டர் ஒன்று வெடித்தது. சில நொடிகளில் நான்கு புரொப்பல்ஷன் மோட்டார்களும் நின்றன; அப்புறம் கப்பல் முழுக்க இருட்டு. நல்லவேளை, திறந்த கடல், யாருக்கும் காயமில்லை. பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைக் குழு பார்த்தபோது, கெப்பாசிட்டர் பழுதாவதை முன்கூட்டிச் சொல்ல அங்கே இருந்த ஒரே ஏற்பாடு கரண்ட் இம்பேலன்ஸ் கண்காணிப்புதான். அது பல ஆண்டுகளாகவே செயல்படாமல் இருந்திருக்கிறது. கெப்பாசிட்டர் உள்ளே மெல்ல மெல்லச் சிதையும், உள்ளழுத்தம் ஏறும். வெளியே ஒன்றும் தெரியாது. உங்கள் அலாரம் அதே வேலைக்குத்தான் இருக்கிறது. இன்றே சீஃப் இன்ஜினியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: 12 பல்ஸ் டிரைவ் (ஏ.சி.யை ஒரு சுற்றுக்கு 12 துடிப்பாக டி.சி. ஆக்குவது) இருந்தால் ஃபில்டரே வேண்டாமே?

12 பல்ஸ் 5, 7ஆம் ஹார்மோனிக்குகளை அடக்கும். 11, 13 அப்படியே இருக்கும். கரையில் கிரிட் பெரியது, தாங்கும். கப்பலில் ஜெனரேட்டரின் உள்தடை அதிகம். அதே ஹார்மோனிக் கரண்ட் அங்கே வோல்டேஜை நன்றாகவே கெடுக்கும்.

கேள்வி: சார், ஏ.எஃப்.இ. (ஆக்டிவ் ஃபிரண்ட் எண்ட், டிரைவின் உள்வரவிலும் ஐ.ஜி.பி.டி. வைத்தது) காலத்தில் இதெல்லாம் பழங்கதை. போட்டால் தீர்ந்தது.

5, 7, 11, 13 குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏ.எஃப்.இ.யின் முன்னால் நிற்கும் எல்.சி.எல். (இண்டக்டர், கெப்பாசிட்டர், இண்டக்டர்) ஃபில்டரைத் திறந்து பாருங்கள், அதிலும் கெப்பாசிட்டர்தான். அதற்கும் வயதாகும், அதையும் கண்காணிக்க வேண்டும். ஸ்விட்ச்சிங் அதிர்வெண்ணில் வரும் மின் இரைச்சல் தனி. கப்பலில் நியூட்ரல் எர்த் ஆகாத சப்ளை என்றால், டிரைவுக்குள் எர்த்துக்குப் போகும் இ.எம்.சி. (மின் இரைச்சலைத் தடுக்கும்) ஃபில்டர் ஸ்க்ரூவை மேனுவல் பார்த்துக் கழற்றினீர்களா?

கேள்வி: ஆஃப் செய்ததும் கவரைத் திறக்கலாமா?

லேபிளில் போட்டிருக்கும் நிமிடங்கள் முழுக்கக் காத்திருங்கள். பிறகும் டி.சி. பஸ்ஸில் (டிரைவுக்குள் டி.சி. தேங்கி நிற்கும் இடம்) மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கேள்வி: வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு எந்த டிரைவ்?

சிங்கிள் ஃபேஸ் என்றால் இந்த டிரைவ்கள் பொருந்தாது. பம்ப் டீலரிடம் கேளுங்கள்.