கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: ஒருவர் மதிப்பெண் இன்னொருவருக்கு!

பைத்தான் மொழியில் 'மாணவர்' என்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சு) எழுதி, அதன் முதல் வரியில் மதிப்பெண்கள் = [], அதாவது காலி லிஸ்ட், என்று வைத்தேன். ஒரு மாணவருக்கு 85 சேர்த்தால் மற்றவருக்கும் 85 காட்டுகிறது. ஏன்?

அந்த வரி ஒரே ஒரு தடவைதான் ஓடுகிறது, கிளாஸ் உருவாகும்போது. அப்போது பிறந்த லிஸ்ட் கிளாஸுக்குச் சொந்தம். மாணவருக்கு ஒன்றாக 40 ஆப்ஜெக்ட் உருவாக்கினாலும் 40-ம் அந்த ஒரே லிஸ்ட்டில்தான் எழுதும். இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட இனிட் மெத்தட் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் பிறக்கும்போதும் ஓடும்; அதற்குள் செல்ஃப்.மதிப்பெண்கள் = [] என்று மாற்றுங்கள் ('செல்ஃப்' என்றால் அந்த ஆப்ஜெக்ட்), ஆளுக்கொரு லிஸ்ட் கிடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை: மொத்தம் = 0 என்று அதே இடத்தில் வைத்திருந்தால் கோளாறு தெரிந்திருக்காது. செல்ஃப்.மொத்தம் += 85 என்றதும் அந்த ஆப்ஜெக்டுக்கென்று தனியாக ஒரு 'மொத்தம்' உண்டாகிவிடும். லிஸ்ட்டில் மதிப்பெண் சேர்க்கும் அப்பெண்ட் அப்படியில்லை, இருக்கிற லிஸ்ட்டையே மாற்றுகிறது.

ஜாவா மொழியில் எல்லா வேரியபிளையும் பிரைவேட் (கிளாஸுக்கு வெளியே தெரியாதது) ஆக்கச் சொல்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் மதிப்பைப் படிக்க கெட்டர், மாற்ற செட்டர் என்று மெத்தட் எழுதச் சொல்கிறார்கள். பேசாமல் பப்ளிக் என்றே வைத்தால் என்ன?

நியாயமான கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் செட்டர் எழுதுவது, வீட்டைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். என்கேப்சுலேஷன், அதாவது தகவலைக் கிளாஸுக்குள் பாதுகாப்பாக வைப்பது, அதுவல்ல.

ஒரு வங்கிக் கணக்கு கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 'இருப்பு' பிரைவேட். அதற்குச் செட்டர் வேண்டாம். போடு(தொகை), எடு(தொகை) என்று இரண்டே மெத்தட் போதும். 'எடு'வுக்குள் முதலில் தொகை 0-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து இருப்புக்குள் அடங்குகிறதா என்று. இரண்டும் சரியென்றால்தான் கழிக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் இரண்டாவதை எழுதிவிட்டு முதலாவதை விட்டுவிடுவார்கள். அப்போது எடு(-500) என்று யாராவது கூப்பிட்டால் இருப்பு 500 ஏறிவிடும்! கணக்கு உதைத்தால் தேட வேண்டிய இடமும் இந்த இரண்டு மெத்தட்தான்.

இன்னொரு ஓட்டை: பரிவர்த்தனை லிஸ்ட்டை கெட்டர் அப்படியே திருப்பிக் கொடுத்தால், வெளியே இருப்பவர் அதில் எதையும் சேர்க்கலாம், அழிக்கலாம். பிரைவேட் என்று எழுதியும் பயனில்லை. நகலைக் கொடுங்கள், அல்லது வெளியே இருப்பவர் மாற்ற முடியாதபடி கலெக்‌ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட் வழியாகக் கொடுங்கள்.

ஒரு கிளாஸ் இன்னொரு கிளாஸின் மெத்தட்களை அப்படியே பெறும் இன்ஹெரிட்டன்ஸை எப்போது பயன்படுத்தக் கூடாது?

நாலு வரி கோடு மிச்சமாகிறதே என்பதற்காக மட்டும் கூடாது. ஜாவாவிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஸ்டாக் என்றால் மேலிருந்துதான் வைக்கவும் எடுக்கவும் வேண்டும். ஆனால் ஜாவாவின் ஸ்டாக் கிளாஸ், எந்த இடத்திலும் செருக விடும் வெக்டார் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்கிறது, அதாவது அதன் பிள்ளையாக இருக்கிறது. அதனால் ஆட்(0, பொருள்) என்று அடியிலேயே செருகிவிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இப்போது ஜாவா ஆவணங்களே ஸ்டாக்குக்குப் பதில் அர்ரேடெக் போன்ற வேறு கிளாஸ்களைத்தான் பரிந்துரைக்கின்றன. நீங்களே எழுதுவதானால் ஒரு லிஸ்ட்டைப் பிரைவேட்டாக உள்ளே வைத்து, மேலே வைக்க புஷ், எடுக்க பாப் இரண்டை மட்டும் வெளியே காட்டுங்கள்.

தாய் கிளாஸின் ஒவ்வொரு மெத்தடும் பிள்ளைக்கும் பொருந்தினால் தாராளமாக எக்ஸ்டெண்ட் செய்யலாம்.

கிளாஸ், ஆப்ஜெக்ட் முதலில் வந்தது சி++-இலா?

இல்லை. நார்வேயில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியில். சி++ கிளாஸை வாங்கிக்கொண்டது அங்கிருந்துதான்.