அட்டாலியில யாரு? : பழைய வீட்டுக் கேள்வி பதில்

ஐப்பசி மழை இறங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எலிதான். ஓடு ஒழுகுது, சுவர் ஊறுது என்று கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல்மில்லின் லைன் வீடுகளை இருபத்தெட்டு வருஷம் பராமரித்தவன் நான். எலியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அங்கே ஓட்டு மேல் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான்.

ஒண்டிப்புதூர் வாசகி: மாமனார் 1974-ல் கட்டிய வீடு. முன்பாதி ஓடு, பின்பாதி மொட்டைமாடித் தார்சு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓட்டுக்குக் கீழே பிவிசி சீலிங் அடித்தோம். இப்போது ராத்திரி எட்டு மணியானால் தலைக்கு மேலே கடகடவென்று ஓட்டம். மகள் பிரசவத்துக்கு வருகிறாள், இன்னும் இரண்டு மாதம்தான். கடையில் மருந்து வாங்கிச் சீலிங்குக்கு மேலே வீசிவிடலாமா?

வேண்டாமுங்க அம்மணி. அந்தக் காரியத்தை நான் ஒருதடவை செய்துவிட்டு முழித்தவன். 1991-ல் பன்னிரண்டு வீட்டு வரிசை ஒன்றில் எலி தாங்காமல், கருவாட்டில் மருந்துப் பொடியைப் பிசைந்து ஓட்டுக்குக் கீழே வைத்துவிட்டேன். எலி செத்தது. எங்கே செத்தது என்பதுதான் தெரியவில்லை. நாலாம் நாள் வாடை கிளம்பியது. ஏழாவது வீட்டில் அந்த வாரம் பெண்ணுக்குச் சீர். முந்நூறு ஓட்டுக்கு மேல் பிரித்துப் பார்த்து ஏழு எலி எடுத்தோம். மீதி சுவர்ப் பொந்துக்குள் கிடந்து, பதினைந்து நாள் அந்த வீட்டில் யாராலும் சோறு தின்ன முடியவில்லை. அந்த அம்மா சீர் முடிந்தும் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. உங்கள் சீலிங், கூரை ஓடு மாதிரி ஒவ்வொன்றாய் உருவிப் பார்க்கிற சமாச்சாரமும் இல்லை.

மேலே ஓடுவது யாரென்று முதலில் தெரியட்டும். பகலில் ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் புழுக்கையைப் பாருங்கள். சீரகம் அளவுக்கு இருந்தால் சுண்டெலி. அரை அங்குலம் நீளம், இரண்டு முனையும் கூர் என்றால் வீட்டெலி; உடம்பைவிட வால் நீளம், மரமும் கம்பியும் ஏறும். முக்கால் அங்குலத்துக்கு முனை மழுங்கி இருந்தால் சாக்கடை எலி, அது பெரும்பாலும் தரையோடு தரை. நீங்கள் சொல்கிற நேரத்தையும் ஓட்டத்தையும் பார்த்தால் வீட்டெலி என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்து, அது வரும் வழி. இதற்கு என்னிடம் இருக்கிற ஒரே கருவி கோலமாவு. அரிசி மாவு ஆகாது, தின்றுவிட்டுப் போகும், கல்மாவுதான் வேண்டும். சாயங்காலம் சுவரோரம், சீலிங் முனை, பொடக்காளி (கொல்லைப்புற) கதவடி எல்லாம் மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுங்கள். விடிந்ததும் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி விரல் தடம், நடுவே ஊசியால் கீறினாற்போல் வால் இழுத்த கோடு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் ஓட்டையில் கொண்டுபோய் விடும். எலி தினமும் ஒரே தடத்தில்தான் போகும், உடம்பு உரசி உரசி அந்த இடத்துச் சுவரும் கைமரமும் எண்ணெய்ப் பிசுக்காய்க் கறுத்திருக்கும். பகலில் வீட்டை இருட்டாக்கி உள்ளே நின்று வெளிச்சம் எங்கெங்கே விழுகிறது என்றும் பாருங்கள். பென்சில் நுழைகிற சந்தில் சுண்டெலி நுழையும், ஒரு ரூபாய்க் காசு நுழைந்தால் பெரிய எலிக்கே போதும்.

ஐம்பது வருஷத்து வீட்டில் ஓட்டை எங்கெங்கே இருக்கும் என்பதைப் போய்ப் பார்க்காமலே சொல்வேன். மோட்டு ஓட்டுக்கு அடியில் பூசிய சாந்து உதிர்ந்திருக்கும். சுவர்த் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவில் எறவாரம் முழுக்கச் சந்து. தார்சும் ஓடும் சேர்கிற இடம் விரிந்திருக்கும். பழைய சன்னல் ஏசி இருந்த பொந்தில் அட்டை வைத்து டேப் ஒட்டியிருப்பீர்கள். குடிதண்ணீர் மெஷினுக்குத் துளை போட்டவன் அரை அங்குலக் குழாய்க்கு இரண்டு அங்குலம் ஓட்டை போட்டுவிட்டுப் போயிருப்பான். பொடக்காளிக் கதவு அடியில் தேய்ந்து விரல் போகிற மாதிரி இருக்கும். முருங்கைக் கிளை ஒன்று கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அடைக்கிற சாமானில் கஞ்சத்தனம் வேண்டாம். துணி, தெர்மாகோல், பீய்ச்சி அடிக்கிற ஃபோம் எல்லாம் எலிக்குப் பலகாரம். எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும்; கடித்துத் தேய்த்தே ஆகவேண்டும், அது அதன் குற்றமில்லை. சின்ன ஓட்டையில் பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரை இறுகத் திணித்து அதன்மேல் சிமெண்டு பூசுங்கள். நாங்கள் கண்ணாடிச் சில்லையும் கலந்து பூசுவோம். சாந்து ஈரமாக இருக்கிற முதல் ராத்திரியே பறித்துவிடும், அதனால் மேலே ஒரு தகரத்தையோ செங்கல்லையோ சாய்த்து வையுங்கள். எறவாரத்துக்குக் கால் அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத கம்பி வலை. கோழி வலையை வாங்கி அடித்துவிட்டு 'அண்ணா, அப்படியும் வருதுங்க' என்று சொல்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கதவடிக்கு அலுமினியத் தகடு. முருங்கையை ஓட்டிலிருந்து ஒரு மீட்டர் விலக வெட்டுங்கள். வீட்டோரம் தென்னை இருந்தால் தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் ஒன்றரை அடி அகலத் தகரத்தைச் சுற்றி அடித்துவிடுங்கள், பொள்ளாச்சித் தோப்புகளில் பார்த்திருப்பீர்கள், வழுக்கிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள், உள்ளே இருப்பது உள்ளேயே செத்து என் கதைதான் உங்களுக்கும். கோலமாவில் தடம் அதிகம் விழுந்த ஒரு வழியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடையுங்கள். அந்த வழியில் சுவரை ஒட்டி நாலைந்து பொறி. வீட்டெலி புதுச் சாமானைக் கண்டால் ஒதுங்கிப் போகும், ஆகவே முதல் மூன்று ராத்திரி பொறியை ஏற்றாமல் தீனி மட்டும் வையுங்கள். நாலாம் ராத்திரி ஏற்றுங்கள். சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு, கடலை மிட்டாய் எதுவானாலும் நூலால் இறுகக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் நோகாமல் எடுத்துக்கொண்டு போய்விடும். ஒன்றிரண்டு விழுந்ததும் நிறுத்திவிடாதீர்கள். சினைக்காலம் மூன்று வாரம்தான், ஒரு ஈற்றுக்கு ஆறு ஏழு குட்டி. மாவில் ஒரு வாரம் தடமே விழவில்லை என்றால் கடைசி வழியையும் பூசிவிட்டு மகளைக் கூப்பிடுங்கள். இரண்டு மாதம் தாராளம்.

திருப்பூர் வாசகர்: பனியன் கம்பெனியில் வேலை, வாடகை வீடு. ஓனர் ஓட்டையை அடைத்துத் தரமாட்டார். கேக், பொடி, பேஸ்ட், ஒட்டு அட்டை இதில் எது நல்லது?

ஓனரை எண்ணி ஓட்டையை விட்டுவைக்காதீர்கள் தம்பி. அரை மூட்டை சிமெண்டு என்ன பெரிய காசா? வாடகையில் கழிக்கச் சொல்லுங்கள், கழிக்காவிட்டாலும் பரவாயில்லை.

பேஸ்ட் என்று நீங்கள் சொல்வது மஞ்சள் பாஸ்பரஸ் என்றால், தமிழ்நாட்டில் அதை விற்கவே தடை. தெரியாமல் தின்ற மனுசன் முதல் நாள் நன்றாக நடமாடுவான், பிறகுதான் ஈரல் கெட ஆரம்பிக்கும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. கறுப்புப் பொடி ஜிங்க் பாஸ்பைடு. ஒரு பங்குக்கு நாற்பத்தொன்பது பங்கு பொரி என்கிற கணக்கைக் காட்டுக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது வயல் வளைக்குச் சொன்ன கணக்கு, படுக்கிற அறைக்குச் சொன்னதல்ல. வயிற்று அமிலம் பட்டாலும் ஈரம் பட்டாலும் அதிலிருந்து பாஸ்பீன் என்கிற விஷ வாயு கிளம்பும். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்துக் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனதைப் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் வீட்டுக்குள் பொடி வைக்கலாமா என்று கேட்டு எனக்குக் கடிதம் வருகிறது!

கேக் என்பது புரோமாடியோலோன். ரத்தத்தை உறையவிடாது; தின்ற எலி நாலைந்து நாள் கழித்துத்தான் சாகும், அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. வைத்தே ஆகவேண்டுமென்றால் இதை வீட்டுக்கு வெளியே, பூட்டுகிற பெட்டிக்குள், குழந்தையும் நாயும் தொடாத இடத்தில் வையுங்கள். அப்போதும் செத்த எலியைக் கூகையோ பூனையோ தின்றால் அதற்கும் கேடு. குழந்தை வாயில் வைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, மருந்து அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன மருந்தென்று தெரிந்தால்தான் டாக்டர் வைத்தியம் பார்க்க முடியும். புரோமாடியோலோனுக்கு முறிவாக வைட்டமின் கே இருக்கிறது.

ஒட்டு அட்டை எனக்குப் பிடிக்காது. ராத்திரி முழுக்கத் தோலைப் பிய்த்துக்கொண்டு கத்தும். விலங்குகள் நல வாரியமும் அது கூடாது என்றே சொல்லியிருக்கிறது. காலையில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு டப்பென்று அடிக்கிற பொறி எவ்வளவோ மேல்.

பெருந்துறை வாசகி: கக்கூஸ் கோப்பைக்குள்ளிருந்து எலி ஏறி வந்தது. சத்தியமாகக் கண்ணால் பார்த்தேன். வீட்டில் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

நான் நம்புகிறேன். சாக்கடை எலி மூச்சடக்கி நீந்தும், கோப்பை வளைவில் நிற்கிற தண்ணீர் அதற்கு ஒரு முழுக்கு, அவ்வளவுதான். வெளியே சேம்பர் மூடி உடைந்திருக்கிறதா, கக்கூஸ் கேஸ் போகிற குழாயின் தலையில் வலை இருக்கிறதா பாருங்கள். குழாயில், வெளியே போவதை விட்டு உள்ளே வருவதைத் தடுக்கிற வால்வு ஒன்று போடலாம், பிளம்பர்கள் என்ஆர்வி என்பார்கள். அதுவரை ராத்திரி கோப்பை மேல் ஒரு கனமான பலகை. ஆசிட் ஊற்றவேண்டாம், எலி போகாது, குழாய்தான் போகும்.

பொள்ளாச்சி வாசகர்: கார் ஒயரை மூன்றாவது தடவை கடித்துவிட்டது. புகையிலை வைக்கச் சொல்கிறார்கள்.

என் மருமகன் வைத்தார். எலி அந்தப் புகையிலைக் காம்பின் மேலேயே கூடு கட்டியிருந்தது. புண்ணாக்கும் தீவனமும் அடுக்கியிருக்கிற கொட்டகையில்தான் காரையும் விடுகிறீர்கள், கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். ஏதாவது ஒன்றை இடம் மாற்றுங்கள். மூட்டையை மூடி போட்ட தகர டிரம்முக்கு மாற்றுவது சுலபம். ராத்திரி பானெட்டைத் திறந்து வைத்தால் இருட்டும் கதகதப்பும் போய்விடும். சக்கரத்தை ஒட்டி ஆளுக்கொரு பொறி.

கோபி வாசகர்: சத்தம் போட்டு எலியை விரட்டும் மெஷின் வேலை செய்யுமா?

பீரோவைத் தாண்டாத சத்தம். நாலு நாளில் பழகிக்கொள்ளும். காசைச் சிமெண்டில் போடுங்கள்.

காங்கேயம் வாசகி: சமையல்கட்டில் 'கீச் கீச்' என்று சுவரோரமாக ஒன்று ஓடுகிறது, மூக்கு நீளம், ஒரே நாற்றம். அமுச்சி அதை அடிக்கக் கூடாது என்கிறார்.

அமுச்சி சொல்வதுதான் சரி. அது மூஞ்சூறு, எலிச் சாதியே இல்லை. ஒயரையும் துணியையும் கடிக்காது. கரப்பானையும் பூச்சியையும் பிடித்துத் தின்னும். அது அடிக்கடி வருகிறதென்றால் உங்கள் வீட்டில் கரப்பான் அதிகம் என்று அர்த்தம். சாமியின் வாகனம் என்று அமுச்சி விடுகிறார், கரப்பானுக்காக நான் விடச் சொல்கிறேன்.

கோவை, கல்லூரி மாணவர்: எங்கள் வீதிப் பக்கம் பிளேக் மாரியம்மன் கோவில் இருக்கிறது. வீட்டில் எலி செத்துக் கிடந்தால் பாட்டி யாரையும் கிட்டே விடுவதில்லை. இந்தக் காலத்திலும் பயப்பட வேண்டுமா?

பாட்டியின் பயம் சும்மா வந்ததல்ல. போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் கோவையைப் பிளேக் உலுக்கியெடுத்தது. அந்தப் பெயரில் இத்தனை கோவில் வேறு எந்த ஊரில் இருக்கிறது? எங்கள் அப்பாரு சொல்வார், எலி ஒன்று நடுவீட்டில் சுருண்டு விழுந்தால் பூட்டைப் போட்டுவிட்டுத் தோட்டத்துச் சாளைக்குப் போய்விடுவார்களாம். செத்த எலியின் உடம்பு ஆறியதும் அதிலிருக்கிற தெள்ளுப்பூச்சி இறங்கி மனுசனைக் கடிக்கும், நோய் அப்படித்தான் பரவும். இதைச் சிமோன் என்கிற பிரெஞ்சுக்கார டாக்டர் 1898-ல் கராச்சியில் கண்டுபிடித்தார். நம்ம ஊர்க்காரர்கள் கண்டுபிடிப்பைப் படித்துவிட்டா சாளைக்குப் போனார்கள்? கண்ணால் பார்த்ததை வைத்தே போனார்கள்.

இப்போது இங்கே பயப்படவேண்டியது எலிக்காய்ச்சலுக்கு. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிராய்ப்பு வழியாக ஏறும். மழை நாளில் சாக்கடைத் தண்ணீரில் நடந்துவிட்டு, காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் கடையில் மாத்திரை கேட்காமல் டாக்டரிடம் போய், எலி உள்ள வீடு என்றும் சொல்லுங்கள்.

செத்த எலியை விளக்குமாற்றால் தள்ளவேண்டாம், புழுக்கையையும் காய்ந்தபடி கூட்டவேண்டாம், தூசி மூக்கில் ஏறும். கதவு சன்னலைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைய ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையை உள்பக்கம் வெளியாகத் திருப்பிக் கையில் மாட்டி எலியைப் பிடித்து, பையை அப்படியே திருப்பிவிட்டால் உள்ளே போய்விடும். முடிச்சுப் போட்டு இன்னொரு பையிலும் கட்டுங்கள். மண்ணில் புதைப்பதானால் பையை விட்டுவிட்டு எலியை மட்டும் இரண்டடி ஆழத்தில், நாய் தோண்டாத இடத்தில். பாட்டியைத் தூர நின்றே பார்க்கச் சொல்லுங்கள், அவர் சொல்கிறபடியே அது முடியட்டும்.