மச்சான் பேச்சைக் கேட்டு ஃபிலிமைப் பிரிக்கலாமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்கு, வேலூரில் ஒரு கடையில் 85,000 ரூபாய் கொடுத்து பி.பி.எஃப். எனும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினேன். இரண்டே மாதத்தில் பானட் ஓரம் எழும்பிவிட்டது; அடியில் பெயின்டில் பிளேடு கீறல். பம்பரில் குமிழ்கள். கேட்டால், "வேலைக்கு கேரண்டி இல்லைன்னு பில்லிலேயே போட்டிருக்கு" என்கிறார் கடைக்காரர். என் மச்சானோ, "பிரிச்சுப் போடு, ஆன்லைன்ல ரோல் வாங்கி நாமளே ஒட்டிக்கலாம்" என்கிறார். பிரித்துவிட்டு நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: முதலில் மச்சானைக் காரின் பக்கம் விடாதீர்கள். நீங்கள் பிரித்த மறுநிமிடமே, "கீறினது நானில்ல, பிரிச்சவங்க" என்பார் கடைக்காரர். வேலையில் குறை இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் புகார் கொடுக்கும் நீங்கள்தான். பகல் வெளிச்சத்தில் நம்பர் பிளேட்டும் தெரிய வீடியோ எடுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ வேறு டீட்டெய்லிங் (காருக்கு பாலிஷ், ஃபிலிம் போடும்) கடையிலோ காட்டி, என்ன கோளாறு, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். ஃபிலிமைக் காரின் மேலேயே வைத்து அறுத்தால் இப்படிக் கீறல் விழும். அதையும் எழுதித் தந்தால் உங்கள் கை ஓங்கும்.

பில்லின் அடியில் அச்சடித்த ஒரு வரி, கவனக்குறைவான வேலைக்குக் கவசமாகிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு.

பம்பர் விஷயத்தில் நீங்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. பழைய கார் என்கிறீர்கள். அது ஏற்கெனவே ரீபெயின்ட் ஆனதா? கம்பெனியில் அடிக்காமல் வெளியே கடையில் அடித்த பெயின்ட், பிரிக்கும்போது பல நேரம் ஃபிலிமோடு சேர்ந்தே உரிந்து வந்துவிடும், அந்தப் பழியைக் கடைக்காரர் மேல் போடுவது கடினம். குமிழ் மட்டும் என்றால் கேட்கலாம். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவதால் ஆரம்பத்தில் சில குமிழ்கள் இருக்கும்தான். ஆனால் வேலூர் வெயிலில் இரண்டு மாதம் காய்ந்தும் வற்றாததைத் தண்ணீர்க் குமிழ் என்று யார் நம்புவார்?

நீங்களே ஒட்டியிருந்தால் கீறலுக்குக் கேட்க ஆளே இல்லை. ஃபிலிமே மட்டம் என்றால்தான் விற்றவரைப் பிடிக்கலாம். அங்கேயும், "எங்கள் ஆள் ஒட்டினால்தான் வாரண்டி" என்று பல கம்பெனிகள் நிபந்தனை வைக்கின்றன.

இனி, 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். மசியவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை (எங்கள் பிழைப்பைக் கெடுக்கும் விதிதான், ஆனாலும் சொல்கிறேன்). கட்டிய பணம், பானட் பெயின்ட் செலவு, வழக்குச் செலவு மூன்றையும் ரசீதோடு கேளுங்கள். மன உளைச்சலுக்கு என்று லட்சக்கணக்கில் எழுதாதீர்கள். நியாயமான தொகை போதும்.