படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குக் கை எக்ஸ்ரே எடுப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் வேலை செய்வதில்லை. வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியே இருக்கும். முந்தாநாள் கட்டிலிலிருந்து விழுந்ததில் முழங்கை வீங்கியிருக்கிறது. வலி என்று சொல்லவில்லை. நிற்கவோ கையை நீட்டவோ முடியாதவருக்கு எக்ஸ்ரே எடுப்பார்களா?"

எடுப்பார்கள். நிற்க வேண்டியதில்லை, மேசையில் ஏறிப் படுக்கவும் வேண்டியதில்லை. சக்கர நாற்காலியிலோ ட்ரொலியிலோ இருந்தபடியே எடுக்கலாம். எக்ஸ்ரே குழாய் மேலும் கீழும் போகும், பக்கவாட்டிலும் திரும்பும். நோயாளி திரும்ப முடியாவிட்டால், எக்ஸ்ரே எடுக்கும் நாங்கள் குழாயையும் படம் பதியும் தகட்டையும் திருப்பிக்கொள்வோம்.

வலி சொல்லவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். வாதம் வந்த பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பல நாள் அசையாத கையின் எலும்பும் பலமிழந்திருக்கும், சின்ன விழுகைக்கே முறியலாம். அதனால் வீக்கம் வடியட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே கொண்டுபோங்கள். விரல்கள் சில்லிட்டு நீலமாகியிருந்தாலோ, தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலோ உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.

முழங்கையை நேராக்கிப் பார்க்க வேண்டாம், எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். நீட்ட முடியாத முழங்கைக்கு நாங்கள் முன்பக்கப் படத்தை இரண்டாகப் பிரிப்போம்: ஒன்றில் மேல்கை தகட்டில் படிந்திருக்கும், மற்றதில் முன்கை. கை மடங்கிய கோணத்திலேயே இருக்கும். பக்கவாட்டுப் படத்துக்கு முழங்கை மடங்கித்தான் இருக்க வேண்டும், ஆகவே அம்மாவின் கை அதற்குப் பாதி தயார். ஒரு பக்கப் படத்தில் மறையும் வெடிப்பு மற்றதில் தெரியும் என்பதால்தான் இரண்டு கோணம் கேட்கிறோம். தோளும் அடிபட்டிருந்தால், கையைத் தூக்காமலே உடம்பைக் கொஞ்சம் சரித்து எடுக்கும் முறையும் உண்டு.

லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறக்குவதுதான் எக்ஸ்ரேயைவிடக் கஷ்டம். கை இருக்கிற நிலையிலேயே, கீழே ஒரு தலையணை வைத்து, பழைய சேலைத் துண்டால் நெஞ்சோடு கட்டுங்கள். கைப்பிடியுள்ள கதிரையில் உட்காரவைத்து, இடுப்பில் ஒரு துணி கட்டி, இரண்டு பேர் தூக்குங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது நம் வீடுகளில் வழக்கம், ஆனால் வாதம் வந்த தோள் அதிலேயே நழுவிவிடலாம்.

மோதிரம், காப்பு எல்லாவற்றையும் வீக்கம் ஏறுமுன் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். மந்திரித்த கயிறு படத்தைக் கெடுக்காது, அதில் கோத்த தாயத்துதான் எலும்பை மறைக்கும். கயிறு இறுகியிருந்தால் யோசிக்காமல் வெட்டுங்கள். முன்பக்கம் திறக்கும் தளர்ந்த சட்டை போடுங்கள். கழற்றும்போது நல்ல கை முதலில், அடிபட்ட கை கடைசியில். போடும்போது இதற்கு நேர்மாறு. எக்ஸ்ரே அறை குளிரும், ஒரு கம்பளியும் வேண்டும்.

தோட்ட டிஸ்பென்சரியில் மெஷின் இருக்காது. உங்கள் பக்கத்துக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்ட. அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இலவசம். ஆனால் டாக்டர் துண்டு எழுதித் தந்தால்தான் எடுப்பார்கள். உள்ளே போனதும் எக்ஸ்ரே எடுப்பவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: எந்தப் பக்கம் வாதம், கை எவ்வளவு நீளும், எங்கே பிடித்தால் முகம் சுளிக்கிறார். அம்மாவால் சொல்ல முடியாததை அந்த அரை நிமிடத்தில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால் உங்களைக் கூப்பிடலாம். ஈய அங்கி தருவார்கள், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தால் வெளியே நின்று வேறு ஒருவரை அனுப்புங்கள். அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம்: ஒரு கை எக்ஸ்ரேயில் படும் கதிர்வீச்சு, ஒரு நாளில் இயற்கையாகவே நம் மேல் படுவதை விடக் குறைவு.

அப்புறம், பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தால் கிளினிக் கொப்பியோடு எடுத்துப் போங்கள். வாதம் வந்த தோள் மூட்டு மெல்லக் கீழே இறங்கியிருக்கலாம், அது படத்தில் இடைவெளியாகத் தெரியும். அது பழசா, இந்த விழுகையில் வந்ததா என்பது பழைய படம் பக்கத்தில் இருந்தால் உடனே விளங்கிவிடும்.